மூக்கண்டப்பள்ளியில் நாலரை மில்லிமீட்டர் நிழல்

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
ஆகஸ்டு 18, மாலை

மரியாதைக்குரிய வெள்ளைச்சாமி மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்காள் மகன் ஜெகதீஷ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், சாத்தூரில் ஒரு மழையாவது பெய்திருக்கும் என்றும், தாங்கள் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்கள் என்றும் நம்புகிறேன். கடைசியை மட்டும் நம்பவில்லை. போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் மட்டும்தான் பேசுவீர்கள், அதனால்.

விஷயத்துக்கு வருகிறேன். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் உங்கள் நண்பர் பார்த்து வைத்திருக்கும் குவாலிட்டி இன்ஜினியர் வேலைக்கு நான் வரவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். "பி.இ. மெக்கானிக்கல் படிச்சுட்டுப் பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டிக்கிட்டு இருக்கான்" என்று அம்மாவிடம் வருத்தப்பட்டீர்களாம். நிலா எல்லாம் சின்ன வகுப்புக்கு, மாமா. நான் எடுப்பது பிளஸ் டூவுக்கும் அதே வளாகத்தில் இருக்கும் பாலிடெக்னிக் முதலாண்டுக்கும் இயற்பியல். இரண்டு வருஷம் கம்பெனியில் சி.என்.சி. மெஷின் லைனில் நின்றவன் என்பதால் சொல்கிறேன், ஒரு நாளைக்கு எண்ணூறு புஷ், அதாவது இரும்பு வளையங்களைச் சோதிப்பதைவிட நாற்பது பிள்ளைகளுக்கு ஈர்ப்பு விசையைப் புரியவைப்பது கஷ்டமான வேலை. புஷ் எதிர்க்கேள்வி கேட்காது.

ஆனால் இந்த வேலைக்கும் ஒரு சிக்கல் வந்திருப்பதை மறைக்கப் போவதில்லை. எங்கள் தாளாளர் கோவிந்தப்பன் இந்த ஊர்க்காரர். ரோஜாத் தோட்டம் வைத்திருந்தவர், தோட்டத்தை விற்றுப் பள்ளி கட்டினார். அவரிடம் யாரோ ஒரு கோச்சிங் கம்பெனிக்காரர்கள் வந்து, வகுப்பில் ஒரு பெரிய ஸ்கிரீனை மாட்டினால் இயற்பியலை அதுவே நடத்திவிடும், நுழைவுத் தேர்வுக்கும் அதுவே தயார்செய்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தாளாளர் என்னைக் கூப்பிட்டார். "சார், ஸ்கிரீன் வந்துட்டா நீங்க பஸ் இன்சார்ஜ் பார்த்துக்குங்கோ. பதினோரு பஸ் ஓடுது, ஆள் வேணும்" என்றார். நான், "ஸ்கிரீன் வானத்தைக் காட்டாது சார், படத்தைத்தான் காட்டும்" என்றேன். "அப்ப நீங்க வானத்தைக் காட்டுங்கோ. பேரன்ட்ஸ் முன்னாடி காட்டுங்கோ. சொன்னது நடந்துச்சுன்னா ஸ்கிரீன் வேணாம்" என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். ஏனென்றால் நிழலில்லா நாள் வந்துகொண்டிருந்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்காது, சொல்கிறேன். நம் ஊர்ப் பக்கங்களில் வருஷத்தில் இரண்டே நாள்தான் சூரியன் உச்சி மதியத்தில் நேர் தலைக்கு மேலே வரும். நட்டுவைத்த கம்பத்துக்கு அன்றைக்கு அந்த நேரத்தில் நிழல் விழாது. எந்த நாள் என்பது ஊருக்கு ஊர் மாறும். போனில் ஒரு செயலியைத் திறந்து பார்த்தேன். ஆகஸ்டு 18 என்றது. நோட்டீஸ் அடித்தாகிவிட்டது.

இன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு மைதானத்தில் அறுபது பெற்றோர். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்கள் பாதி, செகண்ட் ஷிப்ட்டுக்குக் கிளம்பி யூனிஃபார்மோடு வந்தவர்கள் மீதி. சாதாரண ஊராக இருந்தால் கம்பத்தைப் பார்த்து "அட" என்று கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இது மூக்கண்டப்பள்ளி, வீட்டுக்கு ஒருவர் கம்பெனியில் அளவு பார்க்கிறவர். ஆளுக்கு ஓர் அளவுகோல் கொண்டுவந்திருந்தார்கள். என் மாணவி தர்ஷினியின் அப்பா மாடசாமி கோவில்பட்டிக்காரர், இங்கே பதினெட்டு வருஷமாக இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறார். அவர் வெர்னியர் காலிப்பரைப் பெட்டியோடு கொண்டுவந்தார். ஒரு மீட்டர் உயரக் கம்பி, அடியில் கிரானைட் பலகை, எல்லாம் நானே வைத்தது. 12.22 ஆயிற்று. நிழல் சுருங்கிச் சுருங்கிக் கம்பியின் காலடிக்கு வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். மாடசாமி மட்டும் குப்புறப் படுத்தார்.

"ஏ சாரே, தெக்குப் பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்குதே."

"அது ஒன்றுமில்லைங்க, ரொம்பக் கொஞ்சம்."

"நாலரை மில்லிமீட்டர் கொஞ்சமா? எங்க லைன்ல பாயின்ட் நாலு அஞ்சுக்கே பீஸைத் தூக்கிப் போட்டுருவோம்" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து கழித்த பீஸில் மாட்டும் ஒரு சிவப்பு ரிஜெக்ட் அட்டையை எடுத்துக் கம்பியில் கட்டிவிட்டார். மனுஷன் பள்ளிக்கூடத்துக்கு வரும்போதும் அதைப் பையில் வைத்திருக்கிறார், மாமா. அந்த அட்டையின் நிழல் வேறு தரையில் விழுந்து தொலைத்தது.

அதற்கப்புறம் அங்கே நடந்தது பள்ளிக்கூட விழா இல்லை, கம்பெனி ஆடிட். கம்பி சாய்ந்திருக்கிறதா என்று நாலு பேர் ரசமட்டம் வைத்தார்கள். சாயவில்லை. பலகை மட்டமா என்று பார்த்தார்கள். மட்டம். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் தமிழ்செல்வி அக்கா, "சார், உங்க வாட்சுக்குக் காலிபரேஷன் எப்ப பண்ணீங்க?" என்று கேட்டார். வாட்சும் சரி. "அப்ப சப்ளையர் பக்கம்தான் தப்பு" என்று ஒருவர் சூரியனைக் கைகாட்டினார். தப்பு சூரியன் பக்கம் இல்லை என்று கண்டுபிடித்தது தர்ஷினி. ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டாள். "சார், நாலரையை ஆயிரத்தால வகுத்து, பூமியோட ஆரம் ஆறாயிரத்து நானூறால பெருக்கினா இருபத்தொம்பது கிலோமீட்டர் வருது. சூரியன் நமக்கு வடக்கே இருபத்தொம்பது கிலோமீட்டர்ல ஒரு ஊருக்கு நேர் மேல நிக்குது. அது பெங்களூர் சார்!"

போனை எடுத்துப் பார்த்தேன். இங்கே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலே கர்நாடகத்துக்கு வருக என்று மெசேஜ் வரும், உங்களுக்கே வந்திருக்கிறது. எந்த டவரைப் பிடித்ததோ, செயலி என்னைப் பெங்களூர்க்காரன் என்று முடிவுகட்டி அந்த ஊரின் தேதியைக் கொடுத்திருக்கிறது. நான் சரிபார்க்கவில்லை. ஓசூருக்கு நாளைதான். தப்பு என்னுடையது என்று அறுபது பேர் முன்னால் சொன்னேன். எனக்கு அதில் வெட்கம் இல்லை. பிளஸ் டூ படிக்கும் பெண் ஒரு நிழலை வைத்து இன்னோர் ஊரின் தூரத்தை அளந்துவிட்டாள். எந்த ஸ்கிரீன் இதை நடத்தும்? மாடசாமி மகளின் தாளை வாங்கி இரண்டு தரம் போட்டுப் பார்த்துவிட்டு, "கணக்குல குத்தமில்ல" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வராதாம், தர்ஷினி சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தாளாளர் வந்தார். இருபத்தொன்பது கிலோமீட்டரை அவர் கேட்கவில்லை, சிவப்பு அட்டையைத்தான் பார்த்தார். "என்னா சார், நெழலு போயிடும்னீங்கோ, அட்டை தொங்குது? சரி, நாளைக்கு ஒருவாட்டி. நாளைக்கும் நின்னுச்சுன்னா புதன்கெழமை ஸ்கிரீன் மாட்டிடுவாங்கோ."

இதில் பயப்பட ஒன்றுமில்லை. இன்று சாயங்காலம் முழுக்கக் கணக்கைக் கையாலேயே போட்டுவிட்டேன், செயலியைத் தொடவில்லை. நாளை மதியம் இதே நேரத்துக்கு ஓசூரில் நிழல் இருக்காது. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித் தரத் தயார். ஆகையால் என்னைப் பற்றிக் கவலையை விடுங்கள். அத்தைக்கு என் நமஸ்காரம். சின்னவனுக்கு என் அன்பைச் சொல்லி, காலாண்டுத் தேர்வுக்கு ஒளியியல் பாடத்தை விட்டுவிடாமல் படிக்கச் சொல்லவும். குலசாமி எல்லாரையும் நல்லபடியாக வைக்கட்டும்.

தங்கள் அன்பு மருமகன்,
ஜெகதீஷ்

பின்குறிப்பு, 19ஆம் தேதி மாலை: கடிதத்தை இன்னும் போஸ்ட் செய்யவில்லை. நல்லதாகப் போயிற்று. இன்று பன்னிரண்டு மணிக்குச் சானமாவுக் காட்டுப் பக்கமிருந்து மேகம் ஏறி வானத்தை மொத்தமாக மூடிவிட்டது. 12.22க்குக் கம்பிக்கு நிழல் இல்லை. கொடிக்கம்பத்துக்கு இல்லை, மாமரத்துக்கு இல்லை, தாளாளருக்கும் இல்லை. அவர் கம்பியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். "நெழலு இருக்குதா சார்?" "இல்லை சார்" என்றேன். "சொன்ன மாதிரியே செஞ்சுட்டீங்கோ!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அங்கேயே நின்று போன் போட்டு ஸ்கிரீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாடசாமி காலிப்பரைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஷிப்ட்டுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். மூன்று மணிக்குத் தர்ஷினி செய்முறை நோட்டைக் கையெழுத்துக்கு நீட்டினாள். முடிவு என்ற இடத்தில், "மேகமூட்டம். நிழல் இல்லை என்று நிரூபிக்க முடியவில்லை" என்று எழுதியிருந்தாள். சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன். நாளைக் காலை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, உள்ளதைச் சொல்லத் தாளாளர் அறைக்குப் போகிறேன். பொம்மசந்திரா நண்பரிடம் நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லிவிடவில்லையே, மாமா?