புலியின் ஏழாவது உறுப்பு

ஒரு காட்டில் திடீரென்று எல்லாருக்கும் உடம்பைப் பற்றிய கவலை வந்துவிட்டது. பனிக்காலத்துக்கு இமயமலை தாண்டி வந்த வரித்தலை வாத்து ஒருவர் ஏரிக்கரையில் சீகோங் என்ற சீன மூச்சுப்பயிற்சி வகுப்பு தொடங்கியதுதான் காரணம். ஆறு உறுப்பு, ஆறு சத்தம். ‘ஷூ’ என்று மூச்சை விட்டால் கல்லீரல் குளிரும், ‘ஹா’ என்றால் இதயம் சாந்தப்படும் என்றார் வாத்து மாஸ்டர்.

கோமளவல்லி என்ற புள்ளிமானுக்கு இலை விழுந்தாலே நெஞ்சு படபடக்கும். ‘ஹா’ சொல்லச் சொல்ல அது அடங்கியது. அந்தப் பூரிப்பில், பசியே இல்லாமல் சுருண்டு கிடந்த தாண்டவராயன் என்ற புலியைப் பார்த்ததும் அவளுக்குப் பரிதாபம் வந்துவிட்டது.

"வகுப்புக்கு வாங்களேன் ஐயா. உங்களுக்கு மண்ணீரல் மந்தம்."

தாண்டவராயன் வந்தான். முதல் வரிசையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ‘ஹூ’ என்றான். முயல்கள் பின்வரிசைக்கு மாறின. நாளாக ஆகப் புலியின் ரோமம் பளபளத்தது. ஆறாவது உறுப்பும் முடிந்த காலையில் அவன் உதட்டை நக்கிக்கொண்டான்.

"நல்லாப் பசிக்குது மாஸ்டர்."

"ரொம்ப சந்தோஷம்" என்ற மாஸ்டர் அடுத்த நொடி ஏரி நடுவில் இருந்தார்.

புலி கோமளவல்லியைப் பார்த்தான். அவள் கால்கள் நகரவில்லை. அத்தனை நாள் சாந்தப்பட்ட இதயம், ‘ஓடு’ என்று சொல்லவே மறந்துபோயிருந்தது. வாய் மட்டும் வேலை செய்தது.

"ஐயா, இன்னும் ஒரு உறுப்பு பாக்கி."

"ஆறுதானே சொன்னாரு?"

"அது எங்களை மாதிரி ஆளுங்களுக்கு. ராஜ வம்சத்துக்கு ஏழாவதா ஒண்ணு உண்டு. கம்பீரப்பை. அதைச் சுத்தம் பண்ணாம சாப்பிட்டா செஞ்சதெல்லாம் வீண்."

தாண்டவராயன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். "ஆமா, இங்கதான் ஏதோ கனமா இருக்கு. அதுக்கு என்ன சத்தம்?"

கோமளவல்லிக்கு அவசரத்தில் தோன்றியது ஒன்றுதான். "மே."

"மே?"

"பதுங்கும்போதும் விடாம சொல்லணும். பசி எடுத்தா இன்னும் சத்தமா."

அன்றிலிருந்து புலி புதருக்குப் புதர் ‘மே, மே’ என்றபடியே பதுங்கினான். மற்றவர்கள் சாவகாசமாக எழுந்து வேறு பக்கம் போய் மேய்ந்தார்கள். விலா எலும்பு துருத்த, தள்ளாடிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தவன் கோமளவல்லியிடம் தழுதழுத்தான்.

"உடம்பு காத்து மாதிரி லேசா இருக்கும்மா. என் தம்பிங்களையும் கூட்டிட்டு வரட்டுமா?"

"தாராளமா ஐயா. சித்தப்பாவையும் சேர்த்துக்கோங்க."

நீதி: புலிக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் ஓர் உறுப்பையாவது பாக்கி வைக்க வேண்டும். பாக்கி இல்லையென்றால் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும்.