நைனாவின் பல்லும் மலைமேல் உண்டியலும்

ஒரு வீட்டில் ஒருவன் மட்டும் படித்திருந்தால், அவன் படிக்காத விஷயங்களையும் அவனிடமே கேட்பார்கள். அதைவிட ஆபத்து, அவனும் பதில் சொல்வான். எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான். இது நடந்தது நான்கு வருஷத்துக்கு முன். அப்போது நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, அரக்கோணம் கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்த புதிது. திருத்தணிக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் மாட்டுக்கு வயிறு உப்பினால்கூட, "சனிக்கிழமை அவன் வரட்டும்" என்று காத்திருப்பார்கள். நானும் வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கருத்துச் சொல்வேன். (அது வெறும் கண்ணாடி. பவர் கிடையாது. இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.)

இப்படிக் கருத்துச் சொல்லித்தான் நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் வாயில் கை வைத்தேன்.

நைனாவுக்குப் பல்லில் பாதி விழுந்து, மீதி ஆடிக்கொண்டிருந்தது. ஈறு முழுக்கச் சீழ். பேசும்போது துண்டால் வாயை மூடிக்கொள்வார். என் அக்கா ருக்குமணியைப் பார்க்க வந்த ஒரு சம்பந்தம் அந்தத் துண்டைப் பார்த்தே திரும்பிப் போய்விட்டது. பெண்ணின் அப்பனுக்கு வாயில் என்னமோ வியாதி என்று தரகரிடம் சொன்னார்களாம். அக்கா அன்றைக்கு வீட்டிலிருந்த எல்லாக் குடத்திலும் தண்ணீர் நிரப்பினாள். குடம் தீர்ந்ததும் அண்டாவில் ஊற்றினாள்.

பட்டணத்திலிருந்து வாரம் ஒருநாள் ஒரு பல் டாக்டர் அரக்கோணம் வந்துபோவார். அவர் ஓர் இங்கிலீஷ் நோட்டீஸ் தந்தார். வாய் முழுக்கப் பல்லை எடுத்து, புது வரிசை கட்டிக்கொள்பவர் எதையெல்லாம் எதிர்பார்க்கலாம் என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தது. நான் அதை நைனாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். பல்லை நாலைந்து தடவையாகத்தான் பிடுங்குவார்கள், ஈறு ஆற மாசக்கணக்காகும், அதுவரை கூழும் கஞ்சியும்தான், புதுப் பல் முதலில் ஆடும், பேச்சுக் குழறும், பழக்கத்துக்குத் தினம் பத்திரிகையை உரக்க வாசிக்க வேண்டும்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதே, இன்னா பண்றது?" என்றார் நைனா.

நோட்டீஸில் அதற்குப் பதில் இல்லை. நான் யோசித்து, மாட்டோடு பேசுங்கள் என்றேன்.

எல்லாம் நோட்டீஸில் போட்டபடியே நடந்தது. பல்லெல்லாம் போய், மூன்று மாசம் கூழ் குடித்து, கடைசியில் சிவப்பு ரப்பரில் பதித்த இரண்டு வரிசைப் பல்லோடு நைனா வீட்டுக்கு வந்தார். அம்மா வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள். நைனா தொழுவத்தில் நின்று மாடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். முதல் வாரம் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் கிழட்டு எருது மட்டும் காதை ஆட்டியது. எனக்கு அது பரீட்சையில் தேறியதைவிடப் பெருமையாக இருந்தது.

அதற்குள் கனகம்மாசத்திரத்திலிருந்து அக்காவுக்கு இன்னொரு சம்பந்தம் வந்தது. பையனின் அப்பா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர், தலைப்பாகை இல்லாமல் வெளியே வராதவர். நிச்சயத்தை மலைமேல் சாமி சன்னதியில் வைத்துக்கொள்ளலாம் என்றார். நைனாவுக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. பல் நல்லபடியாக முடிந்தால் வெள்ளியில் பல் செய்து உண்டியலில் போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். ஆசாரியிடம் கண், கை, காலுக்கெல்லாம் அச்சு உண்டு, பல்லுக்குக் கிடையாது. அவர் உத்தேசமாக ஒன்று செய்து கொடுத்தார். பார்த்தால் சீப்பு.

அந்தச் சீப்பை மஞ்சள் துணியில் முடிந்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நைனாவும் நானும் முன்னால் ஏறினோம். அம்மாவும் அக்காவும் சம்பந்தி வீட்டாரோடு பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். நூறு படி தாண்டியதும் நைனா பக்தியில் "அரோகரா" என்று ஒரு குரல் கொடுத்தார். மேல்வரிசை வெளியே குதித்தது. நல்லவேளை, கையில் பிடித்துவிட்டார். உடனே கீழ்வரிசையையும் கழற்றி என்னிடம் நீட்டினார். சாமியைக் கூப்பிடாமல் படியேற அவரால் முடியாது.

"நீ வெச்சுகினு வா. மேல போயி மாட்டிக்கிறேன்."

மஞ்சள் துணியின் மறுபாதி மிச்சமிருந்தது. பல்லை அதில் முடிந்தேன். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே, குழப்பம் வரக்கூடாது என்று என் குமாஸ்தா புத்தி எச்சரித்தது. பென்சிலை எடுத்து ஒரு சீட்டில் 'காணிக்கை' என்றும் இன்னொன்றில் 'உபயோகத்துக்கு' என்றும் எழுதினேன். பத்திரமாக இருக்கட்டும் என்று சீட்டை முடிச்சுக்கு உள்ளே வைத்துக் கட்டினேன். (ஆமாம், உள்ளே.)

உண்டியலுக்கு எங்கள் நைனாவைவிட அகலமான வாய். கண்ணை மூடி, அக்காவின் கல்யாணத்தை நினைத்துக்கொண்டு, முடிச்சைப் போட்டேன். வெள்ளி விழுந்தால் கிணுகிணுக்க வேண்டும். இது 'டொக்' என்றது. துணி சுற்றியிருப்பதால் என்று அதற்கும் எனக்குள் ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

"குடு, அவங்க வந்துகினு இருக்காங்க" என்று நைனா கையை நீட்டினார். முடிச்சை அவிழ்த்தார். சீப்பு. சீப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உண்டியலைப் பார்த்தார். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தார்.

உண்டியல் கணக்குப் பார்க்கும் கோயில் பேஷ்காரிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, உள்ளே விழுந்தது சாமியோடது, தம்பி, என்றார். திறக்கும் நாளில்தான் வெளியே வரும். அதுவும் ஏலத்துக்குத்தான் வரும். வேண்டுமானால் மனு எழுதிக் கொடு என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்து, தாழ்மையுடன் பணிவுடன் என்று இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினேன். அந்த நிலைமையிலும் கையெழுத்து அழகாக வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். நைனாவின் துண்டு மறுபடி வாய்க்கு ஏறிவிட்டது. தலைப்பாகைக்காரர் கேட்டதற்கெல்லாம் நைனா தலையை மட்டும் ஆட்டினார். கேட்டவர் முகம் மாறத் தொடங்கியது. அக்கா துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து எந்த அண்டாவை நிரப்புவாளோ.

"நைனா இன்னைக்கு மௌன விரதம்" என்றேன்.

"பொண்ணு குடுக்குற அன்னைக்கா?" என்றார் தலைப்பாகைக்காரர். "தாம்பூலம் மாத்துறப்போ வாயால சொல்லணுமே."

நைனா துண்டை எடுத்து மடியில் வைத்தார். பொக்கை வாயைத் திறந்து, நடந்ததை முழுக்கச் சொன்னார். பாதி வார்த்தை காற்றாகப் போனது. சீப்பைக் காட்டினார், உண்டியலைக் காட்டினார், மௌன விரதம் பொய் என்று என்னையும் காட்டினார். முடிவில், "ஆனா பொண்ணக் குடுக்குறோம்ங்க" என்றார். அது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது.

தலைப்பாகைக்காரர் உண்டியலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. தலைப்பாகை அவிழ்ந்து தரையில் விழும்வரை சிரித்தார்.

"வாயில இருந்ததையே சாமிக்குப் போட்டுட்ட மனுசன், வாயால சொன்னதையா மாத்தப் போறாரு? தட்டை மாத்துங்க" என்றார்.

தட்டு மாறியது. சீப்பை மட்டும் நைனா தன் கையாலேயே உண்டியலில் போட்டார்.

உண்டியல் திறந்த அன்று ஏலத்துக்கு நான்தான் போனேன். (வேறு யாரை அனுப்புவார்கள்? படித்தவன்.) ரயில் தாமதம். போய்ச் சேர்ந்தபோது, பல்லை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றார் பேஷ்கார். அடுத்தவன் பல்லை ஏலம் எடுக்கிற மனிதன் யாராக இருக்கும் என்று வழியெல்லாம் யோசித்தும் புரியவில்லை. விஷயத்தைச் சொன்னபோது நைனா கூழ்ச் சட்டியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு சீர் கொண்டுவந்தார்கள். தேங்காய், வெற்றிலை, வெல்லம், புடவை. கடைசித் தட்டைத் தலைப்பாகைக்காரரே ஏந்தி வந்தார். பூவுக்கு நடுவில் ஒரு மஞ்சள் முடிச்சு. நைனா அதை அவிழ்த்து, பல்லைப் பந்தலிலேயே கழுவி மாட்டிக்கொண்டு, எதிரே இருந்த முறுக்கை எடுத்துக் கடித்தார். அந்தச் சத்தத்துக்கு நாயனக்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டார். அக்கா தலை குனிந்திருந்தாள். சிரிக்கிறாள் என்று மூக்குத்தி காட்டிக்கொடுத்தது.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்தில் சீர் வந்தாலும், "பல்லு வந்துடுச்சா?" என்று ஒருவராவது கேட்காமல் இருப்பதில்லை. என் கையில் ஒரு பொட்டலத்தைப் பார்த்துவிட்டால் அக்காவைக் கட்டிய பாவா, "வெளிய எழுதினியா?" என்பார்.

போன தை மாசம் அதே மலைமேல் எனக்குக் கல்யாணம் நடந்தது. நைனா காலையிலேயே போய் உண்டியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு முதுகு காட்டி என்னை உட்காரவைத்தார். தாலியை என் கையில் கொடுக்கும்போது என் மணிக்கட்டை ஒரு பக்கம் அவரும், மறுபக்கம் தலைப்பாகைக்காரரும் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது முடிச்சு விழுந்த பிறகுதான் விட்டார்கள்.