ருய்லியனுக்கு ஓர் அலுமினிய உறை

மாலை ஏழு மணிக்கு மேல் என் வீட்டில் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. இந்தத் தீர்மானத்தை நான் எடுத்தபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

டொங்குவான் நகரில் கைபேசிக்கு அலுமினிய உறை கடையும் ஆலையில் இருபத்தாறு வருஷமாக வேலை. பகலெல்லாம் இயந்திரம் காதுக்குள் கத்தும். வீட்டுக்கு வந்தால் டிவி கத்தும். என் மனைவி ருய்லியன் நெட்டில் அரண்மனை நாடகம் பார்ப்பாள், நாளுக்கு நாலு பாகம். ராணிகள் ஒருத்திக்கொருத்தி விஷம் வைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒருத்தியும் சீக்கிரம் சாக மாட்டாள்.

சத்தத்தைக் குறைக்கச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. உலோகத்தின் உதவியை நாடினேன்.

ருய்லியன் எதிர்த் தெரு பிளாஸ்டிக் ஆலையில் தரம் பார்ப்பவள். கல்யாணமான நாள் முதல் எங்களுக்குள் ஒரே சண்டைதான். அலுமினியம் கையில் எடுத்தால் கனமாக, குளிர்ச்சியாக, ஒரு மரியாதையோடு இருக்கும், சூட்டையும் வெளியே தள்ளும் என்பேன் நான். பிளாஸ்டிக் விழுந்தால் நசுங்காது, விலை பாதிகூட இல்லை என்பாள் அவள். கடைசி வார்த்தை எப்போதும் அவளுடையது.

எங்கள் வைஃபை பெட்டியின் வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகப் பழுத்திருந்தது. அதற்கு நானே ஓர் உறை செய்தேன். ஆலையில் மிஞ்சிய அலுமினியக் கட்டியில் கடைந்து, மெருகேற்றி, இம்மி இடைவெளி விடாமல் மூடினேன். உலோகத்துக்குள் அடைத்தால் சிக்னல் வெளியே வராது. அதற்காகவே கைபேசி உறை விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் கோடு விடுவோம். இதில் நான் விடவில்லை. வேண்டுமென்றேதான்.

பிறந்தநாள் பரிசு என்று கொடுத்தேன். அவள் விளிம்பு முழுக்க விரலால் தடவினாள். என் வேலைப்பாட்டில் சொக்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"நீயே செஞ்சியா, லாவ் பெங்?"

"உனக்குன்னே செஞ்சேன். சூடாகாம ரொம்ப நாள் உழைக்கும்."

"அழகா இருக்கு. இனிமே இதைக் கழட்டவே கூடாது."

அன்று ராணிகள் பாதி விஷத்தோடு திரையில் நின்றுபோனார்கள். வீடு அடங்கியது. தேநீர் ஊற்றிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். சொர்க்கம் சரியாக இருபது நிமிஷம் இருந்தது.

"நெட்டும் இல்ல, நாடகமும் இல்ல. கிளம்பு, சதுக்கத்துக்கு ஆடப் போவோம்" என்றாள்.

சதுக்கத்தில் நாற்பது பெண்கள், ஆளுயரத்தில் இரண்டு ஒலிபெருக்கிகள், நான். ஒன்பது மணி வரை கையைத் தூக்கி இடுப்பைத் திருப்ப வேண்டும். அந்தப் பாட்டைக் கேட்ட பிறகு ஆலைச் சத்தம் தாலாட்டாகத் தெரிந்தது. இப்படிப் பதினோரு மாலை. முழங்கால் வீங்கிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் அவள் குளிக்கப் போன சமயம் உறையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அவள் வந்ததும், நெட் வந்துவிடும், இன்றைக்கு நாடகம் பார்ப்போம், நானும் கூட உட்காருகிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். திரையில் வெறும் வட்டம்தான் சுற்றியது.

ருய்லியன் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "வராது. நீ உறை போட்ட மறுநாளே கனெக்ஷனை நிறுத்தச் சொல்லிட்டேன்."

"ஏன்?"

"பத்தொன்பது வருஷமா இந்த மாதிரிப் பெட்டிக்கு உறை பாத்து அனுப்புறவ நான். அதை ஏன் பிளாஸ்டிக்ல செய்யறாங்கன்னு எனக்குத் தெரியாதா? விளிம்புல கோடு இருக்கான்னு தடவிப் பாத்தேன். இல்ல. அமைதி வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே. குறைச்சிருப்பேன்."

உறை போட்டது நான். உறைத்ததும் எனக்குத்தான். இப்போது வாயைத் திறந்தே கேட்டேன்: கனெக்ஷனைத் திரும்ப வாங்கிவிடலாமா?

"அவசரமில்ல. எனக்கு ஆட்டம் பிடிச்சுப் போச்சு. முன் வரிசைக்கு உன் பேரைக் குடுத்திருக்கேன். சிவப்புச் சட்டைக்கு அளவெடுக்கணும், நிமிந்து நில்லு."

நிமிர்ந்து நின்றேன்.