உச்சி வெயிலில் ஹீட்டர்

இதைப் படித்து நீங்கள் சிரிப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் உடனே சிரித்துவிடக் கூடாது. முதலில் எங்கள் அப்பாவின் கார் எஞ்சின் சூடாக வேண்டும். அது ஒன்றும் சிரமமில்லை, தெருமுனை தாண்டினால் போதும்.

ரேடியேட்டரை மாற்றினார். வாட்டர் பம்பை மாற்றினார். ஹோஸ், ஃபேன், எல்லாம் புதுசு. மாறாதவை இரண்டுதான்: எஞ்சினின் கொதிப்பு, அப்பாவின் நம்பிக்கை. ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் அண்ணன் மூக்கால் பேசுவார், "சார், இனிமே ஐஸ்கட்டி மாதிரி ஓடும் சார்." உண்மைதான். ஐஸ்கட்டி மாதிரியே வழியெல்லாம் ஒழுகிக்கொண்டு ஓடியது.

"வித்துத் தொலைங்க," என்றாள் அம்மா.

"இன்னும் ஒரே ஒரு தடவை கொதிச்சா நானே வித்துடறேன், போதுமா?"

எஞ்சினைக் கேட்காமல் கொடுத்த வாக்கு. பத்தாம் நாளே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது. அப்பா எங்கேயோ படித்திருக்கிறார், ஹீட்டரை முழுசாகத் திறந்தால் எஞ்சின் சூடு காருக்குள் இறங்கிவிடும் என்று. திறந்தார்.

"வெயில்ல எதுக்குங்க ஹீட்டர்?"

"உனக்குக் கழுத்து வலியாச்சே. இதமா இருக்கும்."

அம்மா கழுத்தைத் தடவிக்கொண்டாள். அப்பாவுக்கு ஒரே பெருமை.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. "அத்தான், புது வீடு, புது நம்பர். ஒரு எட்டு வந்து பாக்கக் கூடாதா?" சித்தியின் அதே இழுவை. பேசியது சித்தியில்லை, மாடியிலிருந்து நான். பேசச் சொன்னது அம்மா.

கிளம்பினோம். உச்சி வெயில். முள் ஏறியது, ஹீட்டர் சீறியது.

"கண்ணாடியையும் ஏத்திடுங்க. காத்து பட்டா கழுத்து இழுக்குது."

ஏற்றினார்.

"இன்னும் கொஞ்சம் கூட்டுங்களேன்."

"இதுக்கு மேல இல்லடி."

"உங்களுக்கு வேர்க்குதா என்ன?"

"எனக்கா? சேச்சே." மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு ஸ்டீயரிங்கில் விழுந்தது. இப்போது அப்பாவும் ஒழுக ஆரம்பித்திருந்தார்.

அம்மா வழி சொல்லச் சொல்ல, ஒரு பெரிய தகரக் கேட்டின் முன் வந்து நின்றோம். "போதுங்க, கழுத்து சரியாயிடுச்சு," என்று அவளே ஹீட்டரை அணைத்தாள். முள் சிவப்பைத் தொட்டது. பானெட் புஸ்ஸென்று ஆவி விட்டது.

"அது... பனி," என்றார் அப்பா.

"பன்னெண்டு மணிக்கா?"

கேட் திறந்தது. உள்ளே கதவில்லாத கார், சக்கரமில்லாத கார், மூஞ்சியே இல்லாத கார். நடுவில் ஸ்பேனரோடு மெக்கானிக் அண்ணன்.

"வாங்கக்கா. கட்டி இழுக்க வண்டி அனுப்பறேன்னு சொன்னேனே, சாரையே ஓட்ட வச்சுட்டீங்களா? பரவால்ல சார், உள்ள எல்லாமே புது பார்ட்ஸ். பிரிச்சு வித்தா நல்ல விலைக்குப் போகும்."

அப்பா மெதுவாக அம்மா பக்கம் திரும்பினார்.

"இதை எப்ப பேசி முடிச்சே?"

"நீங்க முதல் தடவை ஹீட்டர் போட்டீங்களே, அன்னைக்கு சாயங்காலம்."