பதினொரு தூணில் ஒரு சம்பந்தம்

1993 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நாலு மணி இருபது நிமிடம். தூறல் விட்டு, தெற்கே வானம் கொஞ்சம் வெளிப்பு. இராகுகாலம் தொடங்க இன்னும் பத்து நிமிடம் கிடந்தது. ஆகவே அன்று நடந்ததற்கு இராகுவின் மேல் பழிபோட வழியில்லை.

மூத்த மகள் வசந்திக்குக் கண்டாவளையிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. அதற்கு முன் நாலு சம்பந்தங்கள் வந்து குழம்பிவிட்டன. (நாலும் என் வாயால் குழம்பியவை என்பது மனைவியின் கணக்கு. என் கணக்கில் மூன்றுதான்.) இதுவும் குழம்பினால் இனி ஒருவரும் எங்கள் படலையைத் திறக்கமாட்டார்கள் என்று அவா சொல்லியிருந்தா.

பெண் பார்க்க எட்டுப் பேர் வருவதாகச் செய்தி. விசுவமடுவில் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலு கதிரைதான் பிடிக்கும். ஐந்தாவது ஆள் குசினிக்குள் இருக்கவேண்டும். பின்வளவோ மழைக்கு வயலாகிக் கிடந்தது. பொருளாதாரத் தடையால் சிமெந்தைக் கண்ணால் காணாத காலம். எனவே பின்கதவோடு ஒட்டி, சேற்றுக்கு மேலே இரண்டடி உயரத்தில் ஒரு பலகை மேடை போடுவதென்று தீர்மானித்தேன்.

வாய்க்கால் கந்தோரில் இருபத்தொன்பது வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். எஞ்சினியர்மார் வரைந்த பாலங்களைப் பிரதி எடுத்திருக்கிறேன். (பிரதி எடுத்தவனுக்குப் பாலமும் கட்டத் தெரியும் என்பது அப்போதைய என் எண்ணம்.) பதினைந்தடி நீளம், பத்தடி அகலம். ஐந்தடிக்கு ஒரு தூணாக, நாலு நாலாய் மூன்று வரிசை. தூண்களின் தலையில் நீளப்பாட்டுக்குத் தாங்குமரமாய்த் தீராந்தி, அதற்குக் குறுக்கே பலகை. ஒவ்வொரு வரிசையிலும் பத்தடித் தீராந்தியும் ஐந்தடித் தீராந்தியும் முட்டுகிற இடத்தில் கட்டாயம் ஒரு தூண் நிற்கவேண்டும். இதையெல்லாம் நான் சரியாகவே யோசித்திருந்தேன். அதுதான் பெரிய வெட்கம்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்து பக்கத்து வளவில் குடியிருந்த சூசைமுத்து வள்ளம் கட்டுகிறவர். பலகையும் தந்து, கூடநின்று வேலையும் செய்தார். சனிக்கிழமை பின்னேரம் எல்லாம் முடிந்தது. மனைவியைக் கூப்பிட்டு ஒவ்வொரு தூணாகப் பெருமையோடு எண்ணிக் காட்டினேன்.

“இஞ்சேருங்கோ, நல்ல காரியத்துக்கு ஆராவது இரட்டைப்படையிலை தூண் நடுவினமோ?” என்றா.

தாம்பூலத் தட்டு ஒற்றைப்படை, பலகாரத் தட்டு ஒற்றைப்படை, தூண் மட்டும் பன்னிரண்டு. இன்னொன்று நட்டால் சரி என்றேன். சூசைமுத்து வாயில் வைத்திருந்த ஆணியை எடுத்தார்.

“பதின்மூண்டு வேண்டாம் ஐயா. பதின்மூண்டு பேரெண்டால் எங்கட ஆக்கள் வள்ளமே ஏறமாட்டினம்.”

பதினைந்துக்கு மரம் இல்லை. இரண்டு சமயத்துக்கும் உடன்பாடான எண் பதினொன்றுதான். ஓரத்துத் தூணை எடுத்தால் வெளியே தெரியும். நடுவரிசையில் ஒன்று, குழிக்குள் தண்ணீர் ஊறியதால் இறுகாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற தூண் என்னத்தைத் தாங்கப்போகிறது என்று அதையே பிடுங்கினோம். தீராந்திகள் முட்டுகிற தூண் அது. மூட்டின் இரு பக்கமும் பலகைத்துண்டு வைத்து ஆணி அடித்தோம். நான் ஏறி நின்று பார்த்தேன். என் நிறை நூற்றுப் பத்து இறாத்தல். மேடை அசையவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் தகப்பன் கணபதிப்பிள்ளை வந்தார். என்னைப்போல் இரண்டு பேரை ஒன்றாகக் கட்டினால்தான் அவர். மரியாதைக்காக அவருக்கு நட்டநடுவில் கைபிடிக் கதிரை போட்டிருந்தேன். பக்கத்தில் மாப்பிள்ளை. வசந்தி தேத்தண்ணித் தட்டோடு வந்து குனிந்தாள். கீழே ஓர் ஆணி கிரீச்சிட்டது. கணபதிப்பிள்ளை கதிரையோடு, மிக மெதுவாக, உத்தியோகத்திலிருந்து இளைப்பாறுகிறவரைப் போலக் கீழே இறங்கினார். மாப்பிள்ளையும் பின்னாலேயே சரிந்தார். வசந்தி ஒரு கையில் தட்டைத் தாங்கியபடி மறுகையால் அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்தாள். ஒரு கோப்பையும் விழவில்லை, மாப்பிள்ளையும் விழவில்லை.

குழம்பிய சம்பந்தங்களில் இதை ஐந்தாவதாக எண்ணிக்கொண்டேன். அப்போது சேற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அண்ணை, இது எத்தினை தூணிலை நிக்குது?”

“பதினொண்டு.”

“காணாது போலை கிடக்கு.”

மாப்பிள்ளையின் தாய் புருஷனைத் திரும்பியும் பார்க்கவில்லை. கொலரை இன்னும் விடாமல் நின்ற வசந்தியைத்தான் பார்த்தா.

“பிள்ளை, அவனை இனி நீயே வைச்சிரு.”

சம்பந்தம் அப்படித்தான் முற்றாகியது.

கணபதிப்பிள்ளையின் கணுக்கால் சுளுக்கி வீங்கிவிட்டது. சைக்கிளில் ஏற்றிக் கண்டாவளைக்கு அனுப்பக்கூடிய உருப்படி அல்ல அவர். ஒன்பது நாள் எங்கள் விறாந்தையில் கிடந்தார். காலுக்கு நல்லெண்ணெயும் முட்டையும். வயிற்றுக்கு முட்டையும் ஆட்டிறைச்சியும். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், சிமெந்துத் தரையில்கூட, குனிந்து கதிரைக்குக் கீழே பார்த்துவிட்டு, “கிளாக்கர் எண்ணிப் பார்த்தவரோ?” என்று கேட்டுத்தான் இருப்பார். பேரப்பிள்ளைகள் அதற்கென்றே கதவடியில் காத்து நிற்பார்கள்.

சீதனம் அவர் கேட்கவில்லை. இவ்வளவு மலிவாகப் பெண் கொடுத்தவர் இந்தப் பகுதியில் எவருமில்லை என்று மனைவி சொல்லுவா. ஆணி, எண்ணெய், முட்டை, இறைச்சி, அவருக்கு எடுத்துக் கொடுத்த புது வேட்டி எல்லாமாக எனக்கு முடிந்தது இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு ரூபாய் ஐம்பது சதம்.