ராகி ஆணி அடித்த போர்க்கப்பல்

கடலைக் கண்ணால் பாராதவன் கப்பல் கட்டக்கூடாது என்று மைசூர் சமஸ்தானத்தில் சட்டம் ஏதும் இல்லை. இருந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

யோசனை உதித்த இடம் வாசகசாலை. அப்போது இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன் (படித்தது என்பது கௌரவமான சொல்). சீமைப் பத்திரிகை ஒன்றில் பக்கம் நிறைய ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்; பீரங்கி முதல் நங்கூரச் சங்கிலி வரை அளவு போட்டிருந்தான். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, நான் பிறந்ததே பம்பாய்க்குப் போய்க் கப்பல் கட்டக் கற்கத்தான் என்று. அதுவரை நான் மரத்தில் செய்த ஒரே சாமான் ஒரு மணை. உட்கார்ந்தால் ஆடும்.

அப்பா சர்க்கார் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தா. என்னையும் அங்கே ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் தன் கடமை தீர்ந்தது என்று நினைத்திருந்தவர். ஆனாலும் நியாயஸ்தர்.

"தசரா எக்ஸிபிஷன்ல உன் கப்பலை வை. எதுக்கு மெடல் வாங்கறாயோ அதையே படி, நான் குறுக்கே நிக்கலை. வாங்காட்டா என் ஆபீஸ்."

பாக்கு மாலையும் கிளி போட்ட தலையணை உறையும் வந்து குவிகிற எக்ஸிபிஷன் அது. அங்கே எனக்கு யார் போட்டி? தேயிலைப் பெட்டிப் பலகையில் கப்பல் உருவாயிற்று. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பூதக்கண்ணாடியில் படத்தைப் பார்த்தால், அசல் கப்பலின் உடம்பெல்லாம் வரிவரியாக ரிவிட் ஆணி. என் கப்பலின் அளவுக்கு அத்தனை சின்ன உருண்டை எங்கே கிடைக்கும்? அம்மாவின் டப்பாவில் கிடைத்தது. ராகி. நிறம்கூடத் துருப்பிடித்த இரும்பு. உப்புத் தண்ணீரில் ஆணி துருப்பிடிக்காதா? என் ரசாயன ஞானத்தை எண்ணி நானே சிலிர்த்துப்போனேன்.

ஊசி முனையால் ஒவ்வொரு மணியாக மைதாப் பசையில் ஒட்டிக்கொண்டிருந்தபோது தங்கை அம்புஜம் வந்து நின்றாள்.

"ஏண்ணா, அசல் கப்பல்லயும் ராகியா ஒட்டறா?"

"மண்டு. அங்கே இரும்பு. போய்ப் பாடம் படி."

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணை, அப்பாவின் பேனா, பக்கத்தாத்து சைக்கிள் எல்லாம் பெருமாள் முன்னால் வந்து வரிசையாக உட்கார்ந்தன. அம்மா என் கப்பலையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அதை எதுக்கு?"

"லோகத்துலயே பெரிய ஆயுதம்னு ஆறு மாசமா நீதானேடா சொல்லிண்டிருக்காய்?"

அப்பா முகப்பில் தென்கலைத் திருமண் இட்டார். பிரிட்டிஷ் கடற்படையில் திருமண் இட்ட கப்பல் அது ஒன்றாகத்தான் இருக்கும். தீர்த்தம் தெளித்துப் பூ வைத்து, பூ வாடாமலிருக்க ஈரத் துணி போட்டு அம்மா மூடினாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. சுற்றிச் சுற்றி வந்தேன்.

விஜயதசமி காலையில் துணியை எடுத்துத் திருமண்ணைத் துடைத்தேன். பசை காய்ந்து வெடித்தால் ஆணி உதிருமே என்று கவலை. அதே துணியை இன்னொரு தடவை நனைத்துப் பிழிந்து கப்பலை இறுகச் சுற்றி, பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

"ஈரமா இருக்கேடா" என்றாள் அம்மா.

"இது தளிகை சமாசாரம் இல்லைம்மா" என்றேன். (எங்கள் ஜனங்களுக்குச் சமையல் என்றால் தளிகை. ராகியை நனைத்து ஈரத் துணியில் கட்டி இருட்டில் வைப்பது, மைசூரில் கைக்குழந்தை உள்ள வீடுகளில் எல்லாம் நடக்கிற காரியம். எனக்குக் கப்பல் சாஸ்திரம் மட்டும்தான் தெரியும்.)

சில நாள் கழித்து எக்ஸிபிஷனில் நடுவர்கள் என் பெட்டியருகே வந்தார்கள். இரவல் கோட்டில் நின்று தொண்டையைக் கனைத்தேன்.

"இதில் ஒவ்வொரு ஆணியும் உயிருள்ளது போல..."

பெட்டியைத் திறந்து துணியை விலக்கினேன். ஓர் ஆணி பாக்கியில்லாமல் முளைத்திருந்தது. வெள்ளை வேர், இளம்பச்சை நுனி. பீரங்கிகள் புல்லுக்குள் பதுங்கிவிட்டன. இன்ஜினியர் நடுவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கப்பல் எங்கே என்று கன்னடத்தில் நிதானமாகக் கேட்டார். பின்னால் கூட்டம் சேர்ந்தது. அம்புஜம் சிரித்த சிரிப்பு சாமுண்டி மலை வரை கேட்டிருக்கும்.

அடுத்த கூடாரத்து விவசாயப் பிரிவு நடுவர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். குனிந்தார். விரலால் தடவினார்.

"ஏனப்பா, இது ராகி தானே? ஒரு மணிகூடப் பழுதில்லையே. விதை எங்கே வாங்கினாய்?"

"எங்காத்து டப்பாவில்."

மெடல் கிடைத்தது. விவசாயப் பிரிவில்.

அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் படித்தார். "சொன்னா சொன்னதுதான்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அதுதான் என்னால் இன்றும் மன்னிக்க முடியாதது.

இப்போது பெங்களூர்ப் பக்கம் விவசாயப் பள்ளியில் எருவின் வகைகளைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். லீவுக்கு வந்தால் ராகிக் கஞ்சி. "இன்னும் ரெண்டு கரண்டி கப்பல் விடட்டுமா?" என்கிறாள் அம்புஜம். அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வந்த மாப்பிள்ளைகூட, எனக்குக் கை கூப்புவதற்கு முன்பே, "கப்பல் அறுவடை ஆயாச்சா?" என்றுதான் கேட்டான்.

சிரிக்கட்டும். வருகிற தசராவுக்கு, மேல்தட்டில் விமானம் இறங்குகிற கப்பல் ஒன்றை ஆரம்பித்திருக்கிறேன். ஆணிக்கு ரவை. உடைத்த தானியம் முளைக்காது. விவசாயப் படிப்பில் நான் உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான்.

அம்மாவிடம் டப்பாவைக் கேட்டேன்.

"பச்சை ரவைல வண்டு வருமேடா. வறுத்துத் தரட்டுமா?"

வறுக்கலாம். துருவின் நிறம் வர எவ்வளவு சிவக்க வறுக்க வேண்டும் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.