ஓல்சன்களுக்கு ஒரு மூதாதை

வேர் தேடிகள் என்றோர் இனம் உண்டு. எங்கள் மினசோட்டாவில் கொசுவுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது இதுதான். இவர்களிடம் பேச்சு எங்கே தொடங்கினாலும் கப்பலில்தான் போய் முடியும். மழை வருமா என்று கேட்டுப் பாருங்கள். "எங்க முப்பாட்டனார் நார்வேயில அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறின அன்னிக்கும் வானம் இப்படித்தான் மூடிக்கிட்டிருந்துச்சு" என்பார்கள்.

ஆர்லன் ஓல்சன் இந்த இனத்தில் பழுத்த பழம். பல் வைத்தியத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், உல்லாசப் பயணம் என்றால் இடுகாடு, பொழுதுபோக்கு என்றால் ஞானஸ்நானப் பதிவு, மனைவிக்குத் திருமண நாள் பரிசு என்றால் அவளுடைய கொள்ளுத் தாத்தாவின் மரணச் சான்றிதழ் என்று வாழ்ந்துவந்தார். கடைசியில் முப்பாட்டனாரைப் பிடித்தேவிட்டார். ஊரின் முதல் சர்ச்சைக் கட்டிய ஓலே ஓல்சன்! அந்த வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு ஓலே ஓல்சன் மேல்தான் விழவேண்டும். அதனால் என்ன? இருப்பதில் நல்லதாகத்தானே பொறுக்குவோம்?

முப்பாட்டனார் பெயர் பொறித்த பித்தளைப் பலகை தயார். கோடைக்காலக் குடும்பக் கூட்டத்துக்காகப் பூங்கா முழுக்க ஓல்சன்கள், எல்லோரும் ஒரே நிறச் சட்டையில். இன்று குடும்பம் மெச்சாவிட்டால் இத்தனை வருஷ உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்தான் என்று ஆர்லனுக்குக் கவலை. பலகையை மூடியிருந்த துணியில் அவர் கைவைத்த நேரம், அதே சர்ச்சுக்குப் போகிற சித்தப்பா மகள் வெர்னா, வாய் நிறைய உருளைக்கிழங்கு சாலடோடு கேட்டாள்:

"ஏண்ணே, அந்த ஓலேவுக்குக் கல்யாணமே ஆகலியே? புள்ளகுட்டி இல்லாமத்தானே நிலத்தையெல்லாம் சர்ச்சுக்கு எழுதி வெச்சாரு?"

ஆர்லன் துணியிலிருந்து கையை எடுத்தார். "இன்னொரு ஓலேவும் இருந்தாரு," என்று முனகினார். "முறைப்படி கல்யாணம், வீடு நிறையப் புள்ளைங்க. ஆனா... லாயத்துல குதிரை லத்தி அள்ளினவரு."

எல்லோரும் தத்தம் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிறு ஆராதனையும் தவறவிடாத ஐரீன் அத்தைதான் முதலில் வாய் திறந்தாள்.

"கல்யாணம் ஆகலைன்னா என்னடா? புள்ள பொறக்காதா? மனுஷன்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்வான்!"

"அதானே!" என்றது மொத்த வம்சமும். வெர்னாவின் குரல்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது. துணி விலகியது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. ஆர்லனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அது இருக்கட்டும், உங்கள் முன்னோர் எந்த ராஜாவுக்கு மந்திரி? அந்த ராஜாவின் குதிரைகளுக்கும் யாரோ லத்தி அள்ளியிருப்பார்களே, அவர்களுக்கெல்லாம் வாரிசே இல்லாமல் போய்விட்டதா என்ன?